ஒரே ஆண்டெனாவில் ரேடியோவும் ஏ.ஐ.எஸ். கருவியும்: அறிகுறியைக் கொண்டு பழுது நீக்கும் வழிமுறை

மொரீசியஸில் ரிவியேர் நுவாரின் மீன்பிடிப் படகுகளிலும் கிராண்ட் பேயின் சுற்றுலாக் கேட்டமரான்களிலும் மின்கருவிகளைப் பழுது பார்த்துவரும் எனக்கு, திரும்பத் திரும்ப வந்து நிற்கும் வேலை ஒன்று உண்டு. மேல்தளத்தில் இடம் குறைவு, இருபுறமும் தூண்டில் கயிறுகளை விரித்துப் பிடிக்கும் அவுட்ரிகர் கம்பங்கள் நிற்கின்றன என்பதால் இரண்டாவது ஆண்டெனா வைக்காமல், இருக்கிற ஒரே வி.எச்.எஃப். (கடல் ரேடியோ அலைவரிசை) ஆண்டெனாவை, ஓர் ஆண்டெனாவை இரண்டு கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் வழியாக, ரேடியோவுக்கும் சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவிக்கும் பகிர்ந்து கொடுத்திருப்பார்கள். பொருத்திய புதிதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் ரேடியோ மங்கும், அல்லது கப்பல்கள் திரையிலிருந்து மறையும். உடனே ஸ்பிளிட்டரைக் கழற்றிவிட்டுப் புதிது ஒன்று வாங்கி மாட்டுவார்கள். பழுது அப்படியே இருக்கும். ஏனென்றால் பெரும்பாலான படகுகளில் பழுது ஸ்பிளிட்டரில் இருப்பதில்லை. கனெக்டரிலோ 12 வோல்ட் வயரிலோதான் இருக்கிறது. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

கைவைப்பதற்கு முன்

முதலில், உங்கள் படகில் இருப்பது என்ன வகை ஸ்பிளிட்டர் என்று அதன் பெட்டியையோ உடலில் அச்சிட்ட எழுத்தையோ படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கப்பல்களைப் பார்க்க மட்டும் உதவும் ஏ.ஐ.எஸ். ரிசீவருக்கான ஸ்பிளிட்டர் வேறு. தன் இருப்பிடத்தையும் அனுப்புகிற டிரான்ஸ்பாண்டருக்கான ஸ்பிளிட்டர் வேறு. ரிசீவருக்கானதில் டிரான்ஸ்பாண்டரை மாட்டினால், அது அனுப்பும் 2 அல்லது 5 வாட் சக்தி அதைத் தாங்கும்படி செய்யப்படாத பகுதிக்குள் போய் ஸ்பிளிட்டரையே கெடுத்துவிடும். தொலைக்காட்சிக்கு விற்கும் ஸ்பிளிட்டரையோ சாதாரண டி வடிவ இணைப்பையோ வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ரேடியோவின் பேசும் பொத்தானை அழுத்திய மறுகணம் 25 வாட்டில் பெரும்பங்கு ஏ.ஐ.எஸ். கருவிக்குள் பாயும். அப்படி ஒன்று மாட்டியிருப்பதைக் கண்டால் வேறு எந்தச் சோதனையும் செய்யவேண்டாம். கழற்றி எடுத்துவிட்டு, சரியான ஸ்பிளிட்டர் கிடைக்கும்வரை ஆண்டெனாவை ரேடியோவுக்கு மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது, நசரேத், சாயா த மல்யா போன்ற தொலைதூரக் கடலடி மேடுகளுக்குப் போகும் மீன்பிடிக் கப்பல்களில் இருக்கும், கப்பலின் இருப்பிடத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் வி.எம்.எஸ். கருவியை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அது செயற்கைக்கோளோடு பேசுகிற கருவி. அதன் அலைவரிசை வேறு, ஆண்டெனா வேறு. அதை எந்த ஸ்பிளிட்டரிலும் பகிர முடியாது. இங்கே சொல்வது 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் வி.எச்.எஃப். ரேடியோவையும் ஏ.ஐ.எஸ். கருவியையும் பற்றி மட்டுமே.

மூன்றாவது, ஆண்டெனாக் கேபிள் கழன்றிருக்கும்போது பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள். சக்தி போக வழியில்லாமல் ரேடியோவுக்கே திரும்பி வந்து அதன் இறுதி நிலைச் சில்லைக் கெடுக்கக்கூடும். டிரான்ஸ்பாண்டர் தானாகவே அனுப்பும் கருவி என்பதால், கேபிளைத் தொடுவதற்கு முன் அதன் மின்சாரத்தையும் நிறுத்திவிட வேண்டும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான முதல் சோதனை

ரேடியோ, ஏ.ஐ.எஸ்., ஸ்பிளிட்டர் மூன்றையும் அணைத்துவிட்டு, ஆண்டெனாவிலிருந்து வரும் கேபிளை ஸ்பிளிட்டரிலிருந்து கழற்றி நேரடியாக ரேடியோவின் பின்புறம் மாட்டுங்கள். பெரும்பாலான படகுகளில் அந்தக் கேபிளின் முனையில் இருப்பது பி.எல்.-259 பிளக் என்பதால் அது ரேடியோவில் அப்படியே பொருந்தும். பிறகு ரேடியோவை மட்டும் இயக்கி, அருகிலிருக்கும் படகு ஒன்றை 1 வாட்டிலும் சற்றுத் தொலைவிலுள்ள ஒன்றை 25 வாட்டிலும் அழைத்துப் பாருங்கள். இந்தப் பேச்சை வேலைச் சேனல் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். 16ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது.

ரேடியோ தெளிவாகிவிட்டால் பழுது ஸ்பிளிட்டரிலோ, அதன் மின்சாரத்திலோ, அதிலிருந்து கருவிகளுக்குப் போகும் குட்டைக் கேபிள்களிலோ இருக்கிறது. தெளிவாகாவிட்டால் ஆண்டெனாப் பக்கம் பார்க்கவேண்டும். ஸ்பிளிட்டரின் மேல் குற்றம் இல்லை. கால் மணி நேரம்கூட ஆகாத இந்தச் சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்பதால், யார் அழைத்தாலும் இதை முடித்துவிட்டு வரும்படிதான் நான் கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி 1: ரேடியோ, ஏ.ஐ.எஸ். இரண்டுமே மங்கிவிட்டன

இரண்டுக்கும் பொதுவானவை ஆண்டெனாவும் அதன் கேபிளும்தான். ஆகவே கீழிருந்து மேலாகப் போங்கள்.

முதலில் ஸ்பிளிட்டரின் ஆண்டெனா முனையில் உள்ள பிளக்கின் திருகு வளையத்தைக் கையால் இறுக்கிப் பாருங்கள். இன்ஜின் அதிர்வில் அது தளர்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். இறுக்கமாக இருந்தால் கழற்றி உள்ளே பாருங்கள். வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும் ஒரு பிளக்கை அறுத்துத் திறந்தால், நடுக்கம்பி ஊசிக்குள் சால்டர் பிடிக்காமல் வெறுமனே நின்றுகொண்டிருக்கும். சுற்றியுள்ள பின்னல் கம்பி செம்பு நிறம் போய், ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் பச்சைப் பொடி பூத்தும், விரலால் தேய்த்தால் உதிரும் நிலையில் இருக்கும். இப்படிப்பட்ட பிளக்கைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவதில் பயனில்லை. கேபிளைப் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போய், பின்னல் செம்பு நிறமாகத் தெரிகிற இடத்தில் புதிய பிளக்கைச் சால்டர் செய்ய வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் பின்னல் கம்பி வழியே நெடுந்தூரம் போயிருக்கும். ஒரு மீட்டர் வெட்டியும் கறுப்பு தீரவில்லையென்றால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஆண்டெனாவின் அடிப்பகுதியில் உள்ள இணைப்பு. தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இங்கே புயல் மழைக் காலம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று ஓயாமல் உப்புத் தூவலை வாரி அடிக்கும். மாஹேபூர், த்ரூ தோ தூஸ் பக்கம் நிற்கிற கிழக்குக் கரைப் படகுகளில் இந்த இணைப்பு மேற்குக் கரைப் படகுகளைவிட விரைவில் கெடுவதைக் கண்டிருக்கிறேன். சாதாரண மின்சார டேப் சுற்றியிருந்தால் பிரித்துவிட்டுத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள்; கீழிருந்து மேலாகச் சுற்றினால் மழைநீர் மடிப்புக்குள் இறங்காது. கேபிள் தளத்துக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

மல்டிமீட்டர் சோதனையைக் கேபிளின் இரு முனைகளையும் கழற்றிய பிறகே செய்யவேண்டும். நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையில் எந்த இணைப்பும் காட்டக்கூடாது. சில கிலோ ஓம் காட்டினால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. பிறகு மேல்முனையில் இரண்டையும் ஒரு சிறு வயரால் சேர்த்துவிட்டுக் கீழே அளந்தால் ஏறக்குறைய 1 ஓமுக்குள் இருக்கவேண்டும். ஆண்டெனாவைச் சேர்த்து வைத்து அளக்காதீர்கள். பல கடல் ஆண்டெனாக்கள் உள்ளேயே சுருளால் தரையோடு இணைக்கப்பட்டவை. மல்டிமீட்டரில் அவை ஷார்ட் ஆனதுபோலத் தெரியும், ஆனால் அது பழுதன்று. இதை அறியாமல் நல்ல ஆண்டெனாவைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு.

கேபிளின் வகையையும் பாருங்கள். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் 20 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய 4 டெசிபல் தின்றுவிடும். ரேடியோவிலிருந்து புறப்பட்ட 25 வாட்டில் பாதிகூட மேலே போய்ச் சேராது. அதே நீளத்துக்குத் தடித்த ஆர்.ஜி.-213 போட்டால் இழப்பு 2 டெசிபலுக்குள் அடங்கும். ஸ்பிளிட்டரும் தன் பங்குக்குச் சிறிது எடுத்துக்கொள்வதால், பகிர்ந்த ஆண்டெனாவில் மெல்லிய கேபிள் கூடவே கூடாது என்பது என் கருத்து. தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம். படகுக்கு வேண்டியது 50 ஓம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மங்கலாகவே இருந்தால் ஆண்டெனாவைச் சந்தேகிக்கலாம். கண்ணாடியிழை உறையில் நூல்போன்ற வெடிப்பு, அசைத்தால் உள்ளே கலகலவென்ற ஒலி, அடியில் வடியும் பழுப்பு நீர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றவேண்டியதுதான். மாஸ்ட் (படகின் உயர்ந்த கம்பம்) மேல் ஏறவேண்டிய நிலை வந்தால் அதற்குரிய பட்டையும் பழக்கமும் உள்ளவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: ரேடியோ நன்றாக இருக்கிறது, திரையில் கப்பல் ஒன்றும் தெரியவில்லை

ஸ்பிளிட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். பல ஸ்பிளிட்டர்கள் மின்சாரம் நின்றுபோனாலும் ரேடியோவுக்கு வழிவிடும்படி செய்யப்பட்டவை. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. அதனால் ஃபியூஸ் போனாலும் ரேடியோ வழக்கம்போலப் பேசும், ஏ.ஐ.எஸ். மட்டும் குருடாகிவிடும். ஃபியூஸ், ஃபியூஸ் பிடிப்பானின் துரு, தரை வயரின் முனை ஆகிய மூன்றையும் பாருங்கள்.

விளக்கு எரிந்தால், ரேடியோ அனுப்புவதைக் காட்டும் மற்றொரு விளக்கைக் கவனியுங்கள். யாரும் பேசாதபோது அது தொடர்ந்து எரிந்துகொண்டிருந்தால் மைக்கின் பேசும் பொத்தான் உப்பேறி உள்ளேயே சிக்கியிருக்கிறது. ரேடியோ பேசும் நேரமெல்லாம் ஸ்பிளிட்டர் ஏ.ஐ.எஸ்.ஸைத் துண்டித்து வைக்கும். ஆகவே சிக்கிய பொத்தான் ஏ.ஐ.எஸ்.ஸை முழுமையாக அடைத்துவிடும். அந்தச் சேனலில் சுற்றியுள்ள எல்லோருக்கும் அது இடைஞ்சல் என்பதால் மைக்கை உடனே கழற்றுங்கள்.

அதன் பிறகு ஸ்பிளிட்டருக்கும் ஏ.ஐ.எஸ்.ஸுக்கும் இடையிலுள்ள குட்டைக் கேபிள். அதன் முனை பெரும்பாலும் பி.என்.சி. வகை, கால் சுற்றில் பூட்டிக்கொள்ள வேண்டியது பாதியில் நின்றிருக்கலாம். ரேடியோவின் கேபிளும் ஏ.ஐ.எஸ்.ஸின் கேபிளும் இடம் மாறிச் செருகப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

ஏ.ஐ.எஸ். கருவியின் விளக்கு செய்தி வருவதைக் காட்டுகிறது, கடல் வரைபடம் காட்டும் திரையான பிளாட்டரில் மட்டும் ஒன்றும் இல்லை என்றால் ஆண்டெனாவை மறந்துவிடுங்கள். பிளாட்டரில் ஏ.ஐ.எஸ். காட்சி அணைக்கப்பட்டிருக்கும், அல்லது கருவிகள் தம்முள் தகவல் பரிமாறும் என்.எம்.ஈ.ஏ. 0183 இணைப்பின் வேகம் 4800 என்று இருக்கும், ஏ.ஐ.எஸ்.ஸுக்கு அது 38400 ஆக இருக்கவேண்டும்.

அறிகுறி 3: நமக்கு மற்றவர்கள் தெரிகிறார்கள், மற்றவர்களுக்கு நாம் தெரியவில்லை

இணையதளத்திலோ தொலைபேசியிலோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவை கரையிலுள்ள ரிசீவர்களை நம்பி இயங்குபவை. ரிவியேர் நுவார் வளைகுடாவுக்குப் பின்னால் 828 மீட்டர் உயரச் சிகரம் நிற்கிறது. ல மோர்ன் மலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனாலும் மலையின் மறைவு உண்டு. பக்கத்துப் படகின் ஏ.ஐ.எஸ். திரையில் பார்ப்பதே உறுதியான சோதனை. படகின் அடையாள எண் மட்டும் தெரிந்து பெயர் தெரியாவிட்டால் அது பழுதன்று. சிறு படகுகளுக்கான கிளாஸ் பி கருவி பெயரை 6 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். படகு மணிக்கு 2 கடல் மைலுக்கும் குறைவான வேகத்தில் இருந்தால் இருப்பிடமும் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான் போகும்.

அப்படியும் தெரியவில்லையென்றால், அனுப்புவதை நிறுத்தும் சைலன்ட் மோட் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா, ஜி.பி.எஸ். இருப்பிடம் பிடித்திருக்கிறதா, படகின் அடையாள எண்ணான எம்.எம்.எஸ்.ஐ. பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கருவி அனுப்பாது. மொரீசியஸ் கொடியுள்ள படகின் எண் 645 என்று தொடங்கும். அந்த எண்ணை உரிமத்தில் பார்த்து, ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்த பிறகே பதியுங்கள். பல கருவிகளில் அதைப் பயன்படுத்துபவர் ஒருமுறைதான் பதியமுடியும், தவறினால் விற்பனையாளரிடம் கொண்டுபோகத்தான் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், தொடக்கத்தில் சொன்னதை மீண்டும் பாருங்கள்: ரிசீவருக்கான ஸ்பிளிட்டரில் டிரான்ஸ்பாண்டர் மாட்டப்பட்டிருக்கிறதா?

அறிகுறி 4: ஏ.ஐ.எஸ். மட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். எச்சரிக்கை தருகிறது

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்பும் சக்தி ஆண்டெனாவில் ஏறாமல் எந்த அளவுக்குத் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண். ரேடியோவில் குறையே தெரியாமல் ஏ.ஐ.எஸ். மட்டும் சிவப்பு விளக்கு காட்டும் இந்த நிலையில் பலர் குழம்பிவிடுகிறார்கள். 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது, ஏ.ஐ.எஸ். இயங்குவதோ 161.975, 162.025 என்ற இரண்டு அலைவரிசைகளில். 16ஆம் சேனலுக்கென்று குறுகலாகச் சரிசெய்யப்பட்ட ஆண்டெனா அங்கே நன்றாகவும் இங்கே மோசமாகவும் இருக்கலாம். பழைய ஆண்டெனாவில் புதிதாக ஏ.ஐ.எஸ். சேர்த்தவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. ஏ.ஐ.எஸ். அலைவரிசையையும் உள்ளடக்கிய ஆண்டெனாவை வாங்குவதே இதற்குத் தீர்வு.

ஆனால் வாங்குவதற்கு முன் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை ஸ்பிளிட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் வைத்து அளந்துவிடுங்கள். கடல் வி.எச்.எஃப். அலைவரிசைக்கு உரிய மீட்டர் வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கானது பொய் சொல்லும். 1.5க்குள் இருந்தால் நன்று. 2 என்றால் அனுப்பும் சக்தியில் 11 விழுக்காடு திரும்பி வருகிறது; பொறுத்துக்கொள்ளலாம். 3 என்றால் 25 விழுக்காடு திரும்புகிறது, அப்படியே விடக்கூடாது.

மீட்டர் நல்ல எண் காட்டினாலும் முழுமையாக நம்பிவிடாதீர்கள். நனைந்து கெட்ட நீண்ட கேபிள், ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியையும் தானே விழுங்கிக்கொள்வதால், கீழே இருக்கும் மீட்டருக்கு எல்லாம் அழகாகத் தெரியும். கீழே 1.3 காட்டியும் தொலைதூரப் பேச்சு சரியில்லையென்றால் மீட்டரை மேலே, ஆண்டெனாவின் அடியில் வைத்து அளக்கவேண்டும். அங்கே வந்துசேரும் வாட் அளவும் அப்போது தெரிந்துவிடும். தொழில்நுட்பரை அழைக்கத் தகுந்த இடம் இது.

அறிகுறி 5: பேசும் பொத்தானை அழுத்தினால் ஏ.ஐ.எஸ். அணைந்து மீண்டும் எழுகிறது

பேசும்போது கப்பல்கள் திரையில் உறைந்து நிற்பது இயல்பு. ஸ்பிளிட்டர் தன் வேலையைச் செய்கிறது. கருவியே அணைந்து எழுவது இயல்பன்று. 25 வாட்டில் பேசும் ரேடியோ 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். ரேடியோ, ஸ்பிளிட்டர், ஏ.ஐ.எஸ். மூன்றையும் ஒரே மெல்லிய வயரில் கொடுத்திருந்தால் அந்த நொடியில் வோல்ட் சரிந்துவிடும். 1 வாட்டில் பேசிப் பாருங்கள். அப்போது அணையவில்லையென்றால் காரணம் இதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையிலும் ரேடியோ முனையிலும் அளந்து, முதலாவதில் 12.5 இருக்க இரண்டாவதில் 11க்குக் கீழே இறங்கினால் வயரையும் அதன் முனைகளையும் மாற்றுங்கள். இரண்டிலும் சேர்ந்தே இறங்கினால் பேட்டரியே தளர்ந்துவிட்டது.

அறிகுறி 6: ரேடியோவில் இரைச்சல் அல்லது டிக் ஒலி

30 நொடிக்கு ஒருமுறை மெல்லிய டிக் ஒலி கேட்டால் அது உங்கள் ஏ.ஐ.எஸ். தன் இருப்பிடத்தை அனுப்பும் ஒலி. ஒவ்வோர் அனுப்புதலும் 27 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். அதை விட்டுவிடலாம்.

இரவில் மட்டும் ரேடியோவின் தூரம் குறைகிறது, கப்பல்களும் குறைவாகத் தெரிகின்றன என்றால் மாஸ்ட் மேலுள்ள எல்.ஈ.டி. விளக்கைச் சந்தேகியுங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. சோதிப்பது எளிது. விளக்குகளை அணைத்துவிட்டு, அமைதியான சேனல் ஒன்றில் இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச் திருகை இரைச்சல் வரும்வரை திறந்து, பிறகு இரைச்சல் அடங்கும் புள்ளிவரை மட்டும் மூடுங்கள். இப்போது விளக்கைப் போட்டதும் இரைச்சல் மீண்டும் கிளம்பினால் குற்றவாளி அந்த விளக்கு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்பதும் தெரிந்துவிடும். மலிவான விளக்கை மாற்றுவதே தீர்வு. ஸ்பிளிட்டரோ ஆண்டெனாவோ மாற்றினால் இது போகாது.

ஸ்பிளிட்டரை மாற்றவேண்டியது எப்போது

நேரடி இணைப்பில் ரேடியோ தெளிவாக இருந்து, ஸ்பிளிட்டருக்கு வோல்ட் சரியாக வந்து, குட்டைக் கேபிள்களை மாற்றிய பிறகும் ஸ்பிளிட்டர் வழியாக மங்கலாகவே இருந்தால் மட்டும் மாற்றுங்கள். மின்னல் அருகில் விழுந்த பிறகு இப்படி நேர்ந்தால் ரேடியோவையும் ஏ.ஐ.எஸ்.ஸையும் சேர்த்துத் தொழில்நுட்பரிடம் அளந்து பார்க்கக் கொடுக்கவேண்டும். ரேடியோவின் உள்ளே திறப்பது, எம்.எம்.எஸ்.ஐ. எண்ணை அழிப்பது ஆகிய இரண்டையும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

பெரிய கப்பல்களில் கட்டாயமாக்கப்பட்ட கிளாஸ் ஏ கருவிக்கு இந்த வழிமுறை பொருந்தாது. அதற்குத் தனி ஆண்டெனா வேண்டும்.

மாற்று ஆண்டெனா

ஆண்டெனாவைப் பகிர்ந்து வைத்திருக்கும் படகில், ஓர் இணைப்பு போனால் ஆபத்து அழைப்பும் இருப்பிடமும் ஒரே நேரத்தில் போய்விடும். ஆகவே பவளத்திட்டைத் தாண்டி வெளியே போகும் எந்தப் படகிலும், ஏற்கெனவே பிளக் பொருத்தப்பட்ட குட்டையான மாற்று வி.எச்.எஃப். ஆண்டெனா ஒன்றும், சார்ஜ் செய்த கையடக்க ரேடியோ ஒன்றும் இருக்கவேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். மாற்று ஆண்டெனாவை ஸ்பிளிட்டரில் மாட்டாமல் ரேடியோவிலேயே நேரடியாக மாட்டவேண்டும். அதன் கேபிள் ரேடியோவின் பின்புறத்திலிருந்து வெளித்தளத்துக் கைப்பிடிவரை எட்டுகிறதா என்பதைத் துறையில் நிற்கும்போதே ஒருமுறை நீட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியோ பலகையில் இறுக்கித் திருகப்பட்டு, பின்புறம் கை போகாத படகுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ரேடியோவின் பின்னாலிருந்து ஒரு குட்டைக் கேபிளை முன்னால் இழுத்து, ஸ்பிளிட்டருக்குப் போகும் இணைப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டால், கடலில் கருவி எதுவும் இல்லாமலேயே மாற்றி மாட்டிவிடலாம்.